புதன்கிழமைக் கூட்டத்துக்கு உங்கள் அத்தையின் ஃபைல் ஏன் போக வேண்டும்

கேள்வி இதுதான்: அத்தைக்கு 58 வயது. வெகுகாலமாக வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம். இடது கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண். சதையை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அறுவை சிகிச்சை மருத்துவர் "எடுத்துவிடலாம்" என்றார். சொன்ன கையோடு பல் மருத்துவர், மயக்க மருத்துவர், உணவு ஆலோசகர், பேச்சுப் பயிற்சியாளர் என்று நாலு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். போதாததற்கு, புதன்கிழமை 'டியூமர் போர்டு' என்று பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசும் கூட்டத்தில் வைத்த பிறகுதான் தேதி என்கிறார்கள். "ஒரு புண்ணுக்கு எத்தனை டாக்டர்? நோய் காத்துக்கொண்டிருக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நியாயமான பயம். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு நாளும் மலையாகத்தான் தெரியும். ஆனாலும் அந்தப் புதன்கிழமையை விட்டுவிடாதீர்கள். "நாளைக்கே எடுத்துத் தருகிறேன்" என்று வேறு யாராவது சொன்னாலும் அங்கே ஓடாதீர்கள்.

நான் கதிரியக்கச் சிகிச்சை மருத்துவன். 'கரண்ட் வைப்பது' என்று சொல்வார்களே, அந்த வேலை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாய்ப்புற்று நோயாளிகளைத்தான் அதிகம் பார்த்துவருகிறேன். இவர்கள் பெரும்பாலும் அறுவை முடிந்த பிறகுதான் என்னிடம் வருவார்கள். வரிசையில் கடைசி ஆள் நான் என்பதால், எனக்கு முன்னால் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்களா இல்லையா என்பது என் மேஜைக்கு வரும்போது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா வந்தார். அவருக்கும் கன்னத்தில்தான் புண். ஊரிலேயே ஒரு மருத்துவமனையில், நோய் தெரிந்த ஒரே வாரத்தில் அறுவை முடிந்திருந்தது. காயம் நன்றாக ஆறியிருந்தது. கையில் தேர்ச்சி உள்ளவர் செய்த வேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. பிறகு நோய்க்குறியியல் அறிக்கையைப் பிரித்தேன். வெட்டி எடுத்த சதையின் 'ஓர் ஓரத்தில்' நோய் அணுக்கள் இருக்கின்றன என்று எழுதியிருந்தது. எந்த ஓரம்? மேலா, கீழா, உதட்டுப் பக்கமா, தொண்டைப் பக்கமா? அறிக்கையில் இல்லை. ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். "சார், சதையில் நூலே போட்டு அனுப்பவில்லை, எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அந்த மருத்துவர். அவர் சொன்னதில் தவறே இல்லை.

இந்த நூல் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கட்டியை வெட்டி எடுத்ததும் அறுவை மருத்துவர் அந்தச் சதைத்துண்டில் பட்டு நூலால் அடையாளத் தையல் போடுவார். மேற்புறம் குட்டை நூல், முன்புறம் நெட்டை நூல் என்று போட்டு, அதைச் சீட்டிலும் எழுதி அனுப்புவார். ஆய்வகத்தில் அந்த நூலைப் பார்த்து ஒவ்வொரு ஓரத்துக்கும் ஒரு நிற மை தடவுவார்கள். பிறகு எந்த ஓரத்தில் எத்தனை மில்லிமீட்டர் நல்ல சதை மிச்சமிருக்கிறது என்று சொல்ல முடியும். 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் எங்களுக்கு நிம்மதி. விரல் நீள நூல்தான். அது இல்லாததால் அந்த அம்மாவுக்கு மறுபடி எங்கே வெட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் கன்னம் முழுவதற்கும் கூடுதலாகக் கதிர் கொடுக்க வேண்டியதாயிற்று. அதன் பலனாக வந்த வாய் வறட்சியோடும் தாடை இறுக்கத்தோடும் அவர் இன்றும் இருக்கிறார்.

அதோடு போகவில்லை, அவருக்குக் கழுத்தைத் தொடவே இல்லை. கையில் தட்டுப்படும் நெறி, அதாவது நிணநீர்க் கட்டி, எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். வாய்ப்புற்றுநோய் முதலில் எட்டிப்பார்க்கும் இடம் கழுத்து நெறிகள்தான். கைக்குத் தட்டுப்படும் முன்பே அங்கே போயிருக்கக்கூடும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் ஆரம்பநிலை நோயாளிகளை இரண்டு பிரிவாக வைத்து ஆராய்ந்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். வாய்க்கட்டியோடு கழுத்து நெறிகளையும் முதலிலேயே எடுத்த பிரிவில் மூன்றாண்டு கழித்து 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். நெறி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்த பிரிவில் 67.5 சதவீதம்தான். நாலு பேர் உட்கார்ந்து பேசும் அறையில் "கழுத்துக்கு என்ன செய்கிறோம்?" என்று ஒருவராவது கேட்டிருப்பார். தனியாக முடிவெடுத்த இடத்தில் கேட்க ஆள் இல்லை.

இப்போது உங்கள் அத்தையின் புதன்கிழமைக்கு வருகிறேன். டியூமர் போர்டில் உட்காருகிறவர்கள் அறுவை மருத்துவர், கீமோ கொடுக்கும் மருத்துவர், கதிரியக்க மருத்துவர், ஸ்கேன் படிக்கும் மருத்துவர், சதை ஆய்வு செய்யும் மருத்துவர், பிளாஸ்டிக் சர்ஜன், பல் மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர். எல்லா ஊரிலும் எல்லோரும் இருக்க மாட்டார்கள். தீர்மானிக்க வேண்டியது என்னவென்றால் எது முதலில், எது பிறகு, யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை நாளுக்குள். புற்றுநோயில் முதல் சிகிச்சைதான் நல்ல வாய்ப்பு. வரிசை தப்பினால் பின்னால் வருகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பாதிதான் சரிசெய்ய முடியும்.

அந்த அறையில் நடப்பதைக் கொஞ்சம் காட்டுகிறேன். பெரிய திரையில் அத்தையின் சி.டி. ஸ்கேன் ஓடும். கன்னத்தைப் பலூன் மாதிரி உப்ப வைத்துக்கொண்டு எடுக்கச் சொல்லியிருப்பார்கள்; வாயை மூடிச் சும்மா படுத்தால் கன்னமும் ஈறும் ஒட்டிக்கொண்டு, கட்டி எதிலிருந்து கிளம்பியது என்றே தெரியாது. படம் படிக்கும் மருத்துவர் தாடை எலும்பின் ஓரத்தைக் காட்டி, "இங்கே அரித்திருக்கிறது போல் இருக்கிறது" என்பார். அந்த ஒரு வரியில் எல்லாம் மாறும். எலும்பைத் தொடவில்லை என்றால் கட்டியை மட்டும் எடுத்தால் போதும். மேலோட்டமாகத் தொட்டிருந்தால் தாடையின் விளிம்பை மட்டும் சீவினால் போதும். உள்ளே போயிருந்தால் தாடையில் ஒரு துண்டையே எடுத்துவிட்டு, காலின் சிற்றெலும்பைக் கொண்டுவந்து அங்கே பொருத்த வேண்டும். அப்போது பிளாஸ்டிக் சர்ஜன் வேண்டும், அறுவை அரங்கில் முழு நாள் வேண்டும், காலில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். மயக்க மருத்துவரின் கவலை வேறு: வெற்றிலை பாக்கோடு புகையிலை போட்டவர்களில் சிலருக்கு வாய் இறுகி ஒரு விரல் அளவுதான் திறக்கும். மூச்சுக்குழாயை வாய் வழியாகப் போட முடியாமல், மூக்கு வழியாகக் கேமரா வைத்துப் போட வேண்டியிருக்கும். அதை அறுவை மேஜையில் வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாது.

நாலு சீட்டில் மக்கள் அதிகம் அலட்சியம் செய்வது பல் மருத்துவரின் சீட்டைத்தான். "கேன்சருக்கு வந்தால் சொத்தைப் பல்லைப் பார்க்கிறார்கள்" என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கதிர் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும்; அது பிறகு பழையபடி ஆவதே இல்லை. ஐந்து வருடம் கழித்து ஒரு பல்லைப் பிடுங்கினால்கூட அந்தக் குழி ஆறாமல் எலும்பே செத்து வெளியே வரலாம். பிடுங்க வேண்டிய பல்லை முன்பே பிடுங்கி, குழி ஆறச் சுமார் இரண்டு வாரம் விட்டுத்தான் கதிர் தொடங்க வேண்டும்.

இங்கேதான் நாள்கணக்கு முக்கியமாகிறது. அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிரியக்கம் தொடங்கிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. அதில் காயம் ஆற மூன்று நான்கு வாரம் போய்விடும். அதற்குள் ஆய்வக அறிக்கை வர வேண்டும். பிறகு தலை அசையாமல் இருக்க முகத்துக்கு மாஸ்க் செய்து, அதோடு ஸ்கேன் எடுத்து, மருத்துவ இயற்பியலாளர் கதிரின் கோணங்களையும் அளவையும் கணக்குப் போட ஒரு வாரம் ஆகும். ஐந்தாவது வாரத்தில் வந்து "இந்த இரண்டு பல்லையும் எடுக்க வேண்டும்" என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். அறுவைக்கு முன்பே பார்த்திருந்தால், மயக்கத்தில் இருக்கும்போதே அந்தப் பற்களையும் எடுத்திருக்கலாம். இன்று பல் மருத்துவரிடம் ஒரு மணி நேரம் செலவழிப்பது ஆறாவது வாரத்தில் இரண்டு வாரத்தை மிச்சப்படுத்தும்.

கதிரியக்கம் வந்துவிட்டால், பொதுவாக 30 முறை, வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். நடுவில் விடுபடக் கூடாது. தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால், நோய் கட்டுக்குள் வரும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் சற்று அதிகமாகக் குறையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்று, நான்கு வாரம் தாண்டியதும் மிச்சமிருக்கும் நோய் அணுக்கள் வேகமாகப் பெருகத் தொடங்குவதுதான் காரணம். சரியாக அந்த நாட்களில்தான் வாயெல்லாம் வெந்து, எச்சில் விழுங்கவே வலிக்கும். சிகிச்சையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் அப்போதுதான் போவார்கள்.

அந்த நாட்களில் நோயாளியை அதிகம் பார்ப்பவர் நானில்லை. நான் வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பேன். தினமும் மேஜையில் படுக்க வைத்து, மாஸ்க்கை மாட்டி, கிளிப்பை அழுத்திப் பூட்டுகிறவர் எங்கள் கதிரியக்கத் தொழில்நுட்பர். ஒருநாள் அவர் என் அறைக்கு வந்து, "சார், மூணாம் நம்பர் பாட்டிக்கு மாஸ்க்குக்குள் என் விரல் போகிறது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மாஸ்க் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டிய ஒன்று. விரல் போகிறது என்றால் முகம் வற்றிவிட்டது, கதிர் சில மில்லிமீட்டர் தள்ளிப் படும். எடை பார்த்தோம். பத்து நாளில் நான்கு கிலோ போயிருந்தது. என்னிடம் வரும்போதெல்லாம் "நன்றாகச் சாப்பிடுகிறேன் ஐயா" என்றவர், தொழில்நுட்பரிடம் மட்டும் "இரண்டு நாளாகத் தண்ணீரே இறங்கவில்லையப்பா" என்று சொல்லியிருக்கிறார். அன்றே உணவு ஆலோசகரை வரவழைத்து மூக்குக்குழாய் போட்டோம். கீமோ மருத்துவருக்கும் சொன்னோம். அடுத்த நாள் பாட்டிக்கு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றுவதாக இருந்தது; உடம்பில் நீர் வற்றிய நிலையில் அந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்து, நீர் ஏற்றி, மூன்று நாள் தள்ளிக் கொடுத்தார்கள். மாஸ்க் புதிதாகச் செய்தோம். கதிர் ஒரு நாளும் நிற்கவில்லை.

அந்தத் தொழில்நுட்பர் தயங்காமல் என் அறைக் கதவைத் தட்ட முடிந்தது என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பெரிய டாக்டரிடம் போய்ச் சொல்வதா, நமக்கு எதற்கு வம்பு என்று அவர் நினைக்கிற இடமாக இருந்திருந்தால், அங்கே எத்தனை நிபுணர்கள் இருந்தும் பயனில்லை. நோயாளிகள் டாக்டரிடம் ஒன்று சொல்வார்கள், சிஸ்டரிடம் ஒன்று சொல்வார்கள், வார்டு துடைக்க வருகிற அம்மாவிடம்தான் முழு உண்மையும் சொல்வார்கள். சிஸ்பிளாட்டினால் காதில் இரைச்சல் வருவதைப் பல பேர் முதலில் ஊசி போடும் சிஸ்டரிடம்தான் சொல்கிறார்கள். காது கேட்பது குறைந்த பிறகு எங்களிடம் வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

பேச்சுப் பயிற்சியாளர் எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் வேலை பேச்சு மட்டும் இல்லை. விழுங்குவதும் அவர் பொறுப்பு. அறுவைக்கு முன்பே வந்து பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். வாய் இறுகாமல் இருக்க, தட்டையான ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து, சில நாளுக்கு ஒரு குச்சியாகக் கூட்டிக்கொண்டே போகச் சொல்வார்கள். பார்க்க விளையாட்டாகத் தெரியும். ஆறு மாதம் கழித்து இட்லியைப் பிட்டு வாயில் வைக்க முடியுமா, கரைத்துத்தான் குடிக்க வேண்டுமா என்பது அந்தக் குச்சியில் இருக்கிறது. கழுத்து நெறிகளை எடுக்கும்போது தோளைத் தூக்கும் நரம்பு அசதியாகிவிடலாம். அப்போது தலை சீவக் கை எழும்பாது. அதற்குப் பிசியோதெரபி.

கூட்டு முயற்சியால் உயிர் பிழைக்கிறார்களா என்று கேட்டால், அதற்கும் சான்று இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதியில் 1995-இல் மார்பகப் புற்றுநோய்க்கு இப்படிப்பட்ட குழு முறையைக் கொண்டுவந்தார்கள். சுற்றியிருந்த பகுதிகளில் அப்போது இல்லை. 13,722 பெண்களின் விவரங்களை ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், குழு முறை வந்த பகுதியில் ஐந்தாண்டுக்குள் மார்பகப் புற்றுநோயால் இறப்பது 18 சதவீதம் குறைவாக இருந்தது. குழு முறை வருவதற்கு முன் அதே கிளாஸ்கோவில் இறப்பு மற்ற பகுதிகளைவிட அதிகமாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேர்த்து வைத்தியம் பார்ப்பது நமக்கும் புதிதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாய்ப்புற்றுநோய்க்கு மருந்தையும் கதிரையும் ஒருசேரக் கொடுத்துப் பார்த்து, அந்த முடிவுகளை 1980-லேயே வெளியிட்டிருக்கிறார்கள்.

டியூமர் போர்டு என்று பெயர் வைத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கேஸுக்கு இரண்டு நிமிடம் என்று ஓட்டும் கூட்டங்களையும் பார்த்திருக்கிறேன். மூத்தவர் ஒருவர் பேசிவிட்டால் மற்றவர்கள் வாயே திறக்காத கூட்டங்களும் உண்டு. நோயாளி எப்படிப்பட்டவர், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்குமே தெரியாமல் முடிவெடுப்பது எல்லாவற்றிலும் மோசம். ஒரு கூட்டத்தில் ஒரு பெரியவருக்கு ஆறு வாரம் கதிரும் கீமோவும் என்று எழுதி ஃபைலை மூடப்போனோம். பின்வரிசையில் இருந்த சமூகப் பணியாளர் எழுந்து, "அவர் இரண்டு பஸ் மாறி வருகிறார், கூட வருகிற மனைவிக்குக் கண் சரியாகத் தெரியாது, இரண்டாவது வாரமே நின்றுவிடுவார்" என்றார். அறையில் யாருக்கும் அது தெரியாது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருவருக்கும் தங்க இடம் ஏற்பாடு செய்த பிறகுதான் சிகிச்சையைத் தொடங்கினோம். 30-க்கு 30-ம் முடித்தார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரயில் கட்டணச் சலுகைப் படிவம், மூக்குக்குழாய்க் கஞ்சிக்கான செலவு எல்லாவற்றுக்கும் அந்தச் சமூகப் பணியாளர்தான் கதி. அவரை இப்போதே தேடிப் பிடித்து அறிமுகமாகிக்கொள்ளுங்கள்.

வழியில் எப்போதாவது 'வலி நிவாரணப் பிரிவு' என்று ஒரு சீட்டு கொடுத்தால் பதறாதீர்கள். கைவிட்டுவிட்டார்கள் என்று நம் ஊரில் உடனே நினைத்துக்கொள்கிறோம். பாஸ்டன் நகரில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் இருந்த 151 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வந்தது. தொடக்கத்திலிருந்தே வலி நிவாரணக் குழுவின் கவனிப்பையும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப் பேர் 11.6 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள்; வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 8.9 மாதம். உங்கள் அத்தையின் நிலை வேறு, குணமாக்குவதுதான் நோக்கம். இருந்தாலும் வெந்த வாயோடு ஆறு வாரத்தைத் தாண்ட வலி மருந்து சரியாக வேண்டும். அதில் அவர்கள் தேர்ந்தவர்கள்.

குடும்பமும் இந்தக் குழுவில் ஓர் ஆள்தான். உங்களில் ஒருவர் மட்டும் ஃபைலுக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். இன்று அண்ணன், நாளை மருமகள் என்று மாறி மாறி வந்தால் எங்கள் பக்கம் சொன்னது உங்கள் பக்கம் சேராது. வேறு இடத்தில் பயாப்சி எடுத்திருந்தால் அறிக்கைத் தாள் மட்டும் போதாது. அந்தச் சதையை வைத்திருக்கும் கண்ணாடிச் சில்லுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். சி.டி. படத்தின் குறுந்தகடும் வேண்டும். அத்தையிடம் நோயின் பெயரைச் சொல்லாமல் மறைத்துவைத்திருந்தால், அதையும் சிஸ்டரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். மறைப்பது சரியில்லை என்பது என் கருத்து. ஆறு வாரம் மாஸ்க் மாட்டிக்கொள்ளப் போகிறவருக்கு எதற்காக என்று தெரிந்திருக்க வேண்டும். எப்படிச் சொல்வது என்று உதவ எங்களிடம் ஆள் உண்டு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: உங்கள் ஊர் மருத்துவமனையில் இப்படிக் கூட்டம் இல்லையென்றால், அறுவைக்கு முன் ஒரே ஒருமுறையாவது ஒரு கதிரியக்க மருத்துவரிடமும் காட்டிவிட்டு வர அனுமதி கேளுங்கள். நல்ல அறுவை மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். 2012-இல் தொடங்கிய நேஷனல் கேன்சர் கிரிட் அமைப்பில் சேர்ந்திருக்கும் மருத்துவமனைகள் சிக்கலான கேஸ்களை இணையவழியிலும் கூடிப் பேசுகின்றன. உங்கள் மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள்.

புதன்கிழமை கூட்டம் முடிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். முதலில் எது, அடுத்தது எது? அறுவைக்குப் பின் கதிர் தேவைப்பட்டால் எந்தத் தேதிக்குள் தொடங்க வேண்டும்? நடுவில் சந்தேகம் வந்தால் யாருக்குப் போன் செய்வது? கடைசிக் கேள்விக்கு ஒரு துறையின் பெயரை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஓர் ஆளின் பெயரும் எண்ணும் வேண்டும். பெரும்பாலும் அது ஒரு சிஸ்டராக இருப்பார்.

நாளை காலை அத்தையைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர் எழுதிக் கொடுக்கும் தாள் புதன்கிழமைக்குள் ஃபைலில் இருக்கட்டும்.